டீச்சர் வீட்டுக் குட்டி டிராக்டர்

அந்தச் சம்மட்டியக் கீழ வையுங்க தம்பி. வையுங்க, சொல்றேன். வண்டி ஒங்களுதுதான், நான் இல்லேங்கல. அதுல இறுகிக் கெடக்குற பின்னும் ஒங்க பின்னுதான். ஆனா இந்தப் பட்டறைக்குள்ள எந்தப் பின்னு மேலயும் சம்மட்டி விழாது. டீசல் ஊத்தி வச்சிருக்கேன், ஊறட்டும். ஒரு மணி நேரமும் ஆகும், மூணு மணி நேரமும் ஆகும். அவசரம்னா கம்பம் போயிருங்க. அங்க பிரஸ் வச்சு அழுத்தித் தள்ளுற பட்டறை இருக்கு. கோவிச்சுக்க மாட்டேன், நானே வழி சொல்றேன்.

போகலையா? அப்ப அந்த ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காருங்க.

நாலு போடு போட்டாக் கழண்டுரும், இந்தாளு எதுக்கு இப்புடிப் பயந்து சாகுறான்னு நெனக்கிறீங்க. மூஞ்சியிலயே தெரியுது. பயமில்ல தம்பி. வெக்கம். இந்த வயசுல ஒரு இரும்புத் துண்டப் பாத்து வெக்கப்படுறேன். சொல்றேன், கேளுங்க. ஒங்களுக்கும் பொழுது போகணுமில்ல.

இந்த ஊருல சகாயமேரி டீச்சர்னு ஒருத்தங்க இருக்காங்க. ரிட்டையர் ஆகி எட்டு வருசம். வீட்டுக்காரரு தவறிட்டாரு. ரெண்டரை ஏக்கர் திராட்சைத் தோட்டமும், அவரு வாங்கிப் போட்ட ஒரு குட்டி டிராக்டரும் டீச்சர் பொறுப்பு. நீங்க வர்ற வழியில பாத்திருப்பீங்களே, திராட்சைப் பந்தல் ஆள் ஒசரந்தான் இருக்கும். பெரிய டிராக்டர் உள்ள போகாது. இந்தக் குட்டி வண்டிதான் போகும். உழுகுறதுக்கு, மருந்தடிக்கிறதுக்கு, பெட்டி இழுக்குறதுக்கு எல்லாத்துக்கும் அதுதான். பழைய வண்டி. பாதி சாமான் கடையில கெடைக்காது, நாமளா எதையாச்சும் லேத்துல கடைஞ்சு போடணும்.

டீச்சருக்கு ஒரு பழக்கம். எல்லாரையும் சார்னுதான் கூப்பிடுவாங்க. பால்காரரு வந்தாலும் சார், கரண்டுக் கணக்கு எடுக்க வர்ற பையன் வந்தாலும் சார். முப்பது வருசம் பள்ளிக்கூடத்துல இருந்தவங்க, அப்புடியே பழகிப்போச்சு. என்னைய 'ராசாங்கம் சார்'ம்பாங்க. நான் ஆறாவதோட நின்னவன் தம்பி. எங்க வீட்டுலயே என்னைய யாரும் மதிச்சுக் கூப்பிட்டதில்ல. போன எடுத்தா, 'ராசாங்கம் சார், ஒங்களுக்குச் சவுரியப்பட்டா இன்னைக்குக் கொஞ்சம் வர்றீங்களா'ன்னு ஒரு டீச்சர் கேட்டா எப்புடி இருக்கும்? அவங்க தோட்டத்துக்குப் போறப்ப மட்டும் வெள்ளச் சட்டை போட்டுட்டுப் போவேன். கிரீஸ் வேலைக்கு வெள்ளச் சட்டை. சிரிக்கணும்னா சிரிச்சுக்கங்க.

அந்த வண்டிய ஓட்டுனவன் மொக்கராசு. என்னையவிடப் பன்னெண்டு பதிமூணு வயசு சின்னவன். டீச்சர் வீட்டுல பதினோரு வருசமா இருந்தான். அதிர்ந்து பேச மாட்டான். அவன்தான் மொதல்ல சொன்னது, முன்சக்கரம் ஆடுதுண்ணே, வாய்க்கா கரையில வர்றப்ப ஸ்டீரிங் கையில நிக்க மாட்டேங்குதுன்னு. இது நடந்து மூணு வருசமாச்சு.

போய்ப் பாத்தேன். முன் ஆக்ஸில் ரெண்டு முனையிலயும் குழாய் மாதிரி ஒண்ணு இருக்கும், நாங்க காதும்போம். வார்ப்பு இரும்பு. அதுக்குள்ளதான் கிங்பின்னு இறுக்கமா நிக்கும். அந்தப் பின்னச் சுத்தித்தான் சக்கரம் திரும்பும், நடுவுல புஷ்ஷுன்னு ஒரு பித்தளை வளையம். புஷ்ஷு ரெண்டு பக்கமும் தகடு மாதிரித் தேஞ்சு கெடந்துச்சு. அத மாத்தணும்னா பின்ன உருவணும். வலது பக்கம் அரமணி நேரத்துல வந்துருச்சு. இடது பக்கம் வரல. சேறும் மருந்துத் தண்ணியும் எறங்கி எறங்கி, பின்னும் காதும் ஒரே இரும்பாயிருச்சு.

மொத நாளு டீசல் ஊத்தினேன். ஒண்ணுமில்ல. ரெண்டாம் நாளு ஸ்டவ்வ வச்சுச் சூடு காட்டினேன். அசையல. சாயங்காலம் டீச்சர் காப்பி கொண்டுட்டு வந்தாங்க. அப்ப மொக்கராசு சொன்னான், 'அண்ணே, ஆக்ஸிலயே கழட்டிக் கம்பத்துக்குக் கொண்டுபோவமா? அங்க பிரஸ்ஸுல வச்சா வந்துரும்ல?'

நல்ல யோசனைதான். நானே அன்னைக்குக் காலையில அததான் நெனச்சேன். நெசமா நெனச்சேன். ஆனா அவன் வாயில இருந்து வந்துருச்சே. அதுவும் டீச்சர் முன்னாடி. டீச்சரும் என்னையப் பாத்து, 'அப்படிச் செய்யலாமா ராசாங்கம் சார்?'னு கேட்டாங்க. அவங்க சாதாரணமாத்தான் கேட்டாங்க. எனக்கு எங்கயோ குத்திருச்சு.

'அதெல்லாம் வேணாம் டீச்சர். நாளைக்கு மத்தியானம் வண்டி ஓடும்'ன்னேன்.

மறுநாள் இந்தச் சம்மட்டியத்தான் கொண்டு போனேன். ஆமா, இதேதான். காதுக்கு அடியில முட்டுக் கொடுக்கணும், அதுகூட ஒழுங்காக் கொடுக்கல. மொக்கராசப் பின்னு தலையில ஒரு இரும்பு உருளைய நிறுத்திப் பிடிக்கச் சொல்லிட்டு அடிக்க ஆரம்பிச்சேன். பத்து அடி, இருபது அடி. டீச்சர் பந்தலுக்கு அந்தப் பக்கம் நின்னு பாத்துக்கிட்டு இருக்காங்க, எனக்குக் கையில பலம் கூடுது. திடீர்னு மொக்கராசு சொன்னான், 'அண்ணே, நிறுத்துங்க. சத்தம் மாறுதுண்ணே.'

மாறுச்சு தம்பி. எனக்கும் கேட்டுச்சு. டங்கு டங்குன்னு கேட்டது டொக்குன்னு கேட்டுச்சு. முப்பத்தஞ்சு வருசம் இரும்போட கெடக்குறவனுக்கு அது என்ன சத்தம்னு தெரியாதா?

'நீ வண்டி ஓட்டுறவனா, மெக்கானிக்கா?'ன்னு கேட்டேன். அவன் மறுபடியும் இரும்பப் பிடிச்சான். அடுத்த மூணாவது அடியில பின்னு கீழ விழுந்துச்சு.

டீச்சர் கை தட்டுனாங்க. சின்னப் புள்ள மாதிரி. பக்கத்துத் தோட்டத்துல கவாத்து பாத்துக்கிட்டு இருந்த பொம்பளைகளக் கூப்பிட்டு, 'வந்து பாருங்க, கம்பத்துக்குக் கொண்டுபோகணும்னோம், எங்க ராசாங்கம் சார் இங்கயே கழட்டிட்டாரு'ன்னாங்க. அவங்க எல்லாம் வந்து நின்னுக்கிட்டு இருக்கையில நான் காதத் தொடச்சேன். தொடச்ச எடத்துல மேலருந்து கீழ, தலமுடி கணக்கா ஒரு கோடு.

சொல்லியிருக்கலாம். 'டீச்சர், காது விரிசல் விட்டுருச்சு, வேற ஆக்ஸில் தேடணும்.' இம்புட்டுத்தான். அவங்க என்ன செஞ்சிருப்பாங்க? ஒண்ணும் செஞ்சிருக்க மாட்டாங்க. 'சரி சார், தேடுவோம்'னு சொல்லியிருப்பாங்க. மூணு வருசமா நித்தம் இத நெனச்சுப் பாக்குறேன், அவங்க கோவப்படுற மாதிரி ஒருக்காக்கூட நெனைக்க வரல.

நான் மொக்கராச டீ வாங்கிட்டு வரச் சொல்லி அனுப்பிட்டேன். நீலப் பெயிண்ட்டத் தண்ணியாக் கரைச்சு மொதல்ல கோட்டுக்குள்ள எறங்க விட்டேன், அதுக்கு மேல பட்டி பாத்தேன். காஞ்சதும் தேச்சுட்டு நீலப் பெயிண்ட்ட அடிச்சேன். காதுக்கு மட்டும் அடிச்சாத் தனியாத் தெரியுமேன்னு முன்பக்கம் பூராவும் அடிச்சேன். அதுக்குக் கூலி வாங்கல. அதை இப்பவும் ஒரு நல்ல காரியம் மாதிரி சொல்றேன் பாருங்க. டீச்சர் பாத்துட்டு, 'அடடா, புது வண்டி மாதிரி ஆயிருச்சே'ன்னு கண்ணு கலங்குனாங்க. அவங்க வீட்டுக்காரரு நெனப்பு வந்திருக்கும்.

தாங்கும்னுதான் நெனச்சேன். சின்ன வண்டிதானே, மெதுவாத்தானே போகப்போகுதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்.

ரெண்டு மாசம் தாங்குச்சு.

அறுப்பு நேரம். காலையில பத்து மணி இருக்கும். டீச்சரோட கொழுந்தன் சவரிமுத்து போன் பண்றாரு, டிராக்டர் முன்சக்கரம் பிச்சுக்கிட்டுப் போச்சு, ஓடியான்னு. எந்தச் சக்கரம்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் 'எந்தப் பக்கங்க?'ன்னு கேட்டேன். ஏன் கேட்டேன்? தெரியாதவன் மாதிரி இருக்கணுமே, அதுக்கு.

போனா, பாக்க முடியல தம்பி. பின்னாடி டிரெய்லர்ல பெட்டி பெட்டியா பழத்த ஏத்திக்கிட்டு வந்திருக்கான். இடது சக்கரம் காதோட ஒடஞ்சு விழுந்து, வண்டி இழுத்துக்கிட்டுப் போய்ப் பந்தலத் தாங்குற கல்லுத் தூணுல மோதிருச்சு. பந்தல் கம்பி எல்லாம் ஒண்ணோட ஒண்ணு இழுத்துக் கட்டுனது. ஒரு கல்லு சாஞ்சா அடுத்த கல்லு, அதுக்கடுத்த கல்லுன்னு வரிசையா எறங்கிரும். முக்கால் ஏக்கர் பந்தல், மறுநாள் அறுக்கவேண்டிய பழத்தோட தரையில கெடந்துச்சு. மொக்கராச அதுக்குள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாங்க. காறை எலும்பு ஒடஞ்சு, தோள்பட்டையும் எறங்கிருச்சு.

சவரிமுத்து கத்துறாரு, 'குடிச்சிட்டு ஓட்டியிருக்கான் மதினி, நேத்துத் திருவிழாவுல அந்தக் கூட்டத்தோடதான் நின்னான், நானே பாத்தேன்.' மொக்கராசு கலியாணமான புதுசுல குடிப்பான், ஊருக்கே தெரியும். விட்டு ஒம்பது வருசம் ஆச்சு, அதுவும் ஊருக்கே தெரியும். ஆனா சவரிமுத்து சொன்னதும் நாலு பேரு ஆமாங்கிற மாதிரி தலையாட்டுறாங்க. டீச்சர் நேரா என்கிட்ட வந்தாங்க. சேலையெல்லாம் திராட்சைச் சாறு.

'ராசாங்கம் சார், நீங்க சொல்லுங்க. வண்டியில கோளாறா? ஓட்டுனதுல கோளாறா?'

எல்லாரும் என்னையவே பாக்குறாங்க. ஒடஞ்ச காது என் காலடியில கெடக்கு. அத ஓரமாத் தள்ளிட்டுச் சொன்னேன், 'வண்டி நல்லாத்தான் இருந்துச்சு டீச்சர். வேகமாக் கொண்டுபோய்க் கல்லுல ஏத்துனா எந்த இரும்பு நிக்கும்?'

டீச்சர் என்னைய ஒரு நிமிசம் பாத்தாங்க. 'நீங்க சொன்னா சரிதான் சார்'ன்னாங்க.

மொக்கராசுக்கு வேல போச்சு. ஆஸ்பத்திரிச் செலவெல்லாம் டீச்சர்தான் பாத்தாங்க, அதுல கொற வைக்கல. ஆனா இனிமே வரவேணாம்னு சொல்லிவிட்டாங்க. அது முடிஞ்சு ஒரு வாரத்துல டீச்சர் இந்தப் பட்டறைக்கே நடந்து வந்தாங்க. நீங்க உக்காந்திருக்கீங்களே, அந்த எடத்துல நின்னுக்கிட்டு, 'மூணு நாள் கஷ்டப்பட்டுச் சரி பண்ணிக் கொடுத்தீங்க. நாங்க ஒழுங்கா வச்சுக்காம விட்டுட்டோம். மன்னிச்சிருங்க சார்'ன்னாங்க.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'பரவால்ல டீச்சர்'ன்னேன்.

பரவால்லன்னேன் தம்பி.

சரி, தண்ணி குடிக்கிறீங்களா? கொடத்துல இருக்கு. ம். 

நாலு மாசம் கழிச்சு மொக்கராசு வந்தான். இடது கைய தோளுக்கு மேல தூக்க முடியல. 'அண்ணே, வண்டி ஓட்ட யாரும் கூப்பிட மாட்டேங்கிறாங்க. குடிச்சிட்டு ஓட்டுறவன்னு பேராயிருச்சு. பட்டறையில தொடைக்கிற வேல, எடுத்துக் குடுக்குற வேல எதாச்சும் இருந்தாச் சொல்லுங்க'ன்னான். என்கிட்ட வந்து கேக்குறான். வேற யார்கிட்டயும் இல்ல, என்கிட்ட.

அன்னைக்கே வரச் சொல்லிட்டேன். ஊருல என்னையப் பெரிய மனசுக்காரன்னாங்க. 'டிராக்டர ஒடச்சவனுக்கே வேல குடுத்திருக்கான் பாரு ராசாங்கம்'னு டீக்கடையில பேசுனாங்க. நான் மறுத்துப் பேசல. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. அவனுக்கு ஒரு குடும்பம் நடக்குது, நாம செஞ்சதுக்கு இது சரியாப் போச்சுன்னு நெனச்சு நல்லாத் தூங்கவும் செஞ்சேன்.

நல்ல வேலக்காரன். இஞ்சினு ஓடுறதக் கேட்டே எங்க கோளாறுன்னு சொல்லிருவான். ஏழு மாசம் இருந்தான். ஒருநாள் பழைய இரும்புக்காரரு வர்றாருன்னு, பின்னாடி கெடந்த குப்பையத் தரம் பிரிக்கச் சொன்னேன். நான் இங்க உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன். அவன் கையில ஒரு துண்டோட வந்தான். ஒடஞ்ச காது. அன்னைக்கே நாந்தான் வாரிட்டு வந்து பின்னாடி போட்டிருந்தேன். போட்டத மறந்தும் போயிட்டேன்.

டிபன் பாக்ஸுக்குப் பக்கத்துல வச்சான். ஒடஞ்ச மொகத்தத் திருப்பிக் காட்டினான். பாதி, சக்கரம் விழுந்த அன்னைக்குப் புதுசா ஒடஞ்சது, துருவேறிப் பழுப்பா இருக்கு. மீதிப் பாதி நீலமா இருக்கு.

'அண்ணே, ஒடஞ்ச எடத்துக்குள்ள பெயிண்ட்டு எப்புடிண்ணே போகும்?'

கோவமாக் கேக்கல. ஒரு சந்தேகம் கேக்குற மாதிரிதான் கேட்டான். அப்பவாச்சும் சொல்லியிருக்கலாம். நாங்க ரெண்டு பேருதான் இருந்தோம், கூட்டம் இல்ல, டீச்சர் இல்ல. வாயில சோறு இருந்துச்சு. முழுங்கிட்டுச் சொல்றேன், 'குப்பையில கெடந்தது, எதுலருந்தாச்சும் ஒட்டியிருக்கும்.'

'சரிண்ணே'ன்னான்.

சாயங்காலம் வரைக்கும் வேல பாத்தான். சோப்புத்தூள் போட்டுக் கைய நல்லாக் கழுவினான். 'வர்றேண்ணே'ன்னு எப்பவும் போலச் சொல்லிட்டுப் போனான். மறுநாள் வரல. அதுக்கடுத்த நாளும் வரல.

நேரா டீச்சர்கிட்டத்தான் போவான்னு காத்திருந்தேன். ரோட்டுல யாரு வந்தாலும் கைவேலையப் போட்டுட்டு எட்டிப் பாப்பேன். பத்து நாள் ஆச்சு. அவன் பொண்டாட்டி பேச்சி வந்தா. வந்துட்டாடா சண்டைக்குன்னு எந்திரிச்சு நின்னேன். அவ கையில ஒரு பை நெறையக் கொய்யாப்பழம். 'அவரு மலைக்குப் போயிட்டாருங்கண்ணே, ஏலக்காத் தோட்டத்துல ஜீப் ஓட்ட. சொல்லாமப் போயிட்டாரு, தப்பா எடுத்துக்காதீங்க. யாருமே சேத்துக்காத நேரத்துல நீங்கதான் சேத்துக்கிட்டீங்க. எங்களால மறக்க முடியாது'ன்னா.

கட்டுன பொண்டாட்டிகிட்டக்கூடச் சொல்லல அவன்.

கொய்யாப்பழத்த வாங்கிக்கிட்டேன். அவ போனதும் அந்த இரும்ப ஒரு பையில போட்டுக்கிட்டு டீச்சர் தோட்டத்துக்குப் போனேன். அன்னைக்கு அழுக்குச் சட்டைதான். அவங்க பந்தல் ஓரத்துல நின்னு கவாத்துக்காரங்களுக்குச் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. தனியாக் கூப்பிட்டு எல்லாத்தையும் சொன்னேன். சத்தம் மாறுனது, பட்டி பாத்தது, பெயிண்ட் அடிச்சது எல்லாம்.

அவங்க அந்தத் துண்டக் கையில வாங்கிக் கண்ணாடியத் தூக்கிவிட்டுப் பாத்தாங்க.

'அன்னைக்கு ஒங்ககிட்ட ஏன் கேட்டேன் தெரியுமா சார்? எனக்கு மொக்கராசு சார் மேல சந்தேகமே கெடையாது. என் கொழுந்தன் வாய அடைக்க எனக்கு ஒரு வார்த்தை வேணும். நீங்க வண்டி தெரிஞ்சவரு. எனக்குத் தெரியலன்னு சொல்லியிருந்தீங்கன்னாக்கூடப் போதும். அவர நான் அனுப்பியிருக்க மாட்டேன்.'

தெரியலன்னாக்கூடப் போதுமாம்.

'என்கிட்டச் சொல்லி ஆகப்போறது ஒண்ணுமில்ல. ஞாயித்துக்கிழமை சங்கத்துக் கூட்டம் இருக்கு. எல்லாரும் வருவாங்க. அங்க சொல்லுங்க'ன்னாங்க.

போனேன். திராட்சை விவசாயிக எழுவது எம்பது பேரு இருந்தாங்க. ராசாங்கம் சார் ரெண்டு வார்த்த பேசணுங்கிறாருன்னு டீச்சரே சொல்லிட்டு உக்காந்தாங்க. எந்திரிச்சேன். பைக்குள்ளதான் இரும்பு இருக்கு. எல்லாருக்கும் வணக்கம்ன்னேன். அதுக்கு மேல என் வாயில என்ன வந்துச்சு தெரியுமா? முன் ஆக்ஸிலுக்கு வாரம் ஒருக்கா கிரீஸ் அடிக்கணும்னு வந்துச்சு. மருந்துத் தண்ணி பட்டா அன்னைக்கே கழுவிரணும்னு வந்துச்சு. கால் மணி நேரம் பேசியிருக்கேன். கை தட்டுனாங்க தம்பி. டீச்சர் எந்திரிச்சுச் செருப்பப் போட்டுக்கிட்டுப் போயிட்டாங்க. மறுவாரமே மலைக்குப் போய் மொக்கராசத் திரும்ப வரச் சொல்லிக் கூப்பிட்டிருக்காங்க. அவன் வரலைன்னுட்டான்.

அதுக்கப்புறந்தான் நானும் போனேன். குமுளி வரைக்கும் பஸ்ஸு, அங்கிருந்து ஆட்டோ. அவன் ஜீப்புல வேலைக்குப் போற பொம்பளைகள ஏத்திக்கிட்டுக் கெளம்ப நின்னான். இஞ்சினு ஓடிக்கிட்டு இருக்கு. என்னையப் பாத்ததும் எறங்கி வந்தான். 'என்னண்ணே, இம்புட்டுத் தூரம்?'

நின்ன எடத்துலயே சொன்னேன். மூச்சு விடாமச் சொன்னேன். கடைசியில, 'தெரியும்ணே'ன்னான்.

'என்னைய நாலு அடி அடிச்சிரு மொக்கராசு.'

'அடிச்சு என்னண்ணே ஆகப்போகுது?' ஜீப்புப் பக்கம் திரும்பி, வந்துர்றேன்னு கையக் காட்டினான். 'எம் பொண்ணு அங்க ஒம்பதாவது படிக்குதுல்ல. பள்ளிக்கூடத்துல ஏதோ சண்டையாம், ஒரு புள்ள, குடிகாரன் மகதானடி நீன்னுருச்சாம். ராத்திரி போன் பண்ணி, அப்பா, அன்னைக்கு நீ குடிச்சிருந்தியான்னு கேட்டுச்சு. இல்லம்மான்னேன். சரிப்பான்னு வச்சிருச்சு. நம்புச்சா நம்பலையான்னு எனக்குத் தெரியலண்ணே. அதுக்கு மட்டும் ஏதாச்சும் செய்ய முடியுமான்னு பாருங்க.'

அம்புட்டுத்தான் கேட்டான். 'ஆளுக காத்திருக்காங்கண்ணே'ன்னு ஏறிக்கிட்டான். ஜீப்புல இருந்த ஒரு அம்மா, யாருய்யா அதுன்னு கேட்டது என் காதுல விழுந்துச்சு. 'எங்க ஊர்க்காரரு'ன்னான்.

மலை எறங்கி வந்ததும் அவன் வீட்டுக்குத்தான் போனேன். பேச்சிகிட்டயும் அந்தப் புள்ளகிட்டயும் சொன்னேன். பேச்சி எந்திரிச்சு உள்ள போயிட்டா. அந்தப் புள்ள என்னையத் திட்டும்னு நின்னேன். அது திட்டல தம்பி. 'எங்க அப்பாகிட்ட நான் அப்புடிக் கேட்டிருக்கக் கூடாது'ன்னு சொல்லிட்டு அழுகுது. நான் செஞ்சதுக்கு அந்தப் புள்ள வெக்கப்பட்டு அழுகுது.

மறுநாள் காலையில திராட்சை எடை போடுற கொட்டகைக்குப் போனேன். கூட்டம் கூடுற நேரம். இந்தத் தடவ கிரீஸப் பத்திப் பேசல. இரும்ப எடுத்து எடை மேடை மேல வச்சு, வண்டிய ஒடச்சது நாந்தான், மொக்கராசு குடிக்கல, நான் பொய் சொன்னேன்னு சத்தமாச் சொன்னேன். அப்புறம் சவரிமுத்து வந்து என் தோள்ல கையப் போட்டாரு. 'ஒனக்கு ரொம்பப் பெரிய மனசு ராசாங்கம். அவனுக்கு வேலையும் குடுத்து, இப்ப அவன் பேரக் காப்பாத்த பழியவும் நீ ஏத்துக்குற பாரு'ன்னாரு.

நெசமாத்தான் சொல்றேன்னேன். இரும்பக் காட்டினேன். பெயிண்ட்டக் காட்டினேன். பாத்தாங்க. பெயிண்ட்டு எப்ப வேணாலும் ஒழுகியிருக்கும்ப்பான்னாங்க. யாரும் நம்பல. டீச்சர் சொல்லிப் பாத்தும், எளகுன மனசு, அவனுக்காகப் பேசுறாங்கன்னுட்டாங்க. நான் பொய் சொன்னப்ப ஒரே வார்த்தையில நம்புனாங்க. ரெண்டு வருசமாக் கெஞ்சுறேன், நெசத்த நம்ப மாட்டேங்கிறாங்க. ஒண்ணு ரெண்டு பேரு நம்பியிருக்காங்க, அவங்க இங்க வண்டிய விடுறதில்ல. அது சரிதான். மொக்கராசு மலையிலதான் இருக்கான். அந்தப் புள்ள இப்பப் பதினொண்ணாவது படிக்குது.

அதனால, இங்க வண்டி கொண்டாந்து உக்காருற ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்கேன். பின்னு ஊறுற நேரத்துல எனக்கும் வேற வேல இல்ல.

போறப்ப முக்குல ஒரு டீக்கடை இருக்கும். ஒங்களால முடிஞ்சா நிறுத்தி ஒரு டீ குடிங்க. ராசாங்கம் பட்டறையில இருந்து வர்றேன்னு சொன்னாப் போதும், அந்த ஆளு டிராக்டர ஒடச்ச டிரைவருக்கே வேல குடுத்தவருன்னு அவங்களே ஆரம்பிப்பாங்க. இல்லைங்க, ஒடச்சது அந்த ஆளுதான், டிரைவரு குடிக்கலன்னு சொல்லுங்க. நீங்க எங்கள யாருன்னு தெரியாத வெளியாளு. நான் சொன்னா நம்பாதவங்க நீங்க சொன்னா ஒருவேள நம்புவாங்க.

அவன் பேரு மொக்கராசு. பேரச் சேத்துச் சொல்லுங்க தம்பி.